கயிறு கட்டிய பிறகு வாசிக்கவும்

1

லண்டன் பனியைப் பற்றி உங்கள் சஞ்சிகைக்கு எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். பனி, நிலத்துக்கு அடியில் ஓடுகிற ரயில், அரண்மனை வாசலில் கண் இமைக்காமல் நிற்கிற காவற்காரன், கடைசியில் ஊரை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர். இங்கிருந்து எழுதுகிற எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பனி விழும்போது வெள்ளையாக இருக்கிறது. அடுத்த நாள் பஸ் சக்கரத்தில் மிதிபட்டுச் சேறாகிறது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

என்னிடம் இருப்பது கோபம். இந்த நாட்டில் வந்து இறங்கி இரண்டு வருடம் நிறைந்த கிழமையில் அது மூண்டது. இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன். போடுவதானால் வெட்டாமல் போடுங்கள்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். இந்தச் சஞ்சிகை திருகோணமலையிலிருந்து குடாக்கடலைக் கடந்து மூதூருக்குப் போகிற மோட்டார் லோஞ்சில் ஏறும். யாராவது ஒருவர் மற்றவர்களுக்காக இதைச் சத்தமாக வாசிப்பார். பல வருடம் அப்படி வாசித்தவள் நான். ஆகவே சொல்கிறேன்: லோஞ்சில் வாசிப்பவர் ஐந்தாம் பகுதியோடு நிறுத்திக்கொள்ளவும். ஆறாம் பகுதியை, மூதூர் இறங்குதுறையில் கயிறு கட்டிய பிறகு வாசிக்கவும். அந்த லோஞ்சில் போய் வருகிறவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு மூன்றாம் பகுதியில் விளங்கும்.

2

நான் கட்டைபறிச்சான்காரி. அப்பாவுக்கு அந்த லோஞ்சில் வேலை. கயிறு எறிவார், கட்டுவார், மூட்டை ஏற்றுவார், எஞ்சின் நடுவில் நின்றுபோனால் சனத்திடம் பேச்சு வாங்குவார். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிறவர்கள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூட வாசற்படி ஏறிய முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடு சொல்லும்படி எனக்குப் பலர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். நான் பெருமையோடுதான் சொல்வேன்.

மிஷன் ஒன்று தந்த உதவியில் லண்டனில் ஒரு கல்லூரியில் ஒலிபரப்புத் தொழில் படிக்கிறேன். காலையில் பத்திரிகைச் சட்டமும் சுருக்கெழுத்தும். மத்தியானம் ஒலிநாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டப் பழகுவது. பின்னேரம் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் கோப்பை கழுவுவது. அது முடிந்தால் நூல்நிலையம், கட்டுரை. சனிக்கிழமை ஒரு பேக்கரியில் பாண் அடுக்குவது. என்னோடு படிக்கிற பிள்ளைகள் எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஒன்றாகக் கூடிக் கோப்பி குடிக்கிறார்கள். அவர்கள் குடித்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டே நான் என் எதிர்காலத்தைத் திட்டமிடுகிறேன். அது நல்ல இடம்தான். கை தன்பாட்டில் வேலை செய்யும், தலை சும்மா இருக்கும்.

திட்டம் இதுதான். படிப்பு முடியும்போது இங்கே ஏதாவது ஒரு மாகாண வானொலியில் பயிலுநர் இடம் ஒன்று எடுப்பது. குரல் கொடுப்பதற்கு மட்டும் இல்லை. எந்தச் செய்தி முதல், எது பிறகு, எது வேண்டாம் என்று தீர்மானிக்கிற கதிரையில் இருந்து வேலை பழகுவதற்கு. பிறகு ஊருக்கு வந்து எங்கள் பகுதிக்கென்று ஒரு செய்திச் சேவை நடத்துவது. கொழும்பு வானொலிக்குத் திருகோணமலை என்றால் துறைமுகம் மட்டும்தான். கப்பல் வந்தால் செய்தி, போனால் செய்தி. கொட்டியாரக் குடாவுக்கு எங்கள் பக்கத்திலும் மனிதர் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்வேன்.

இந்தத் திட்டத்தை நான் இங்கே சொன்ன இடமெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விசா நீடிக்கிற கந்தோரில் ஓர் அதிகாரி என் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "உங்கள் நாட்டில் இந்தப் படிப்பால் என்ன பயன்?" என்று கேட்டார். எங்களிடம் காது இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. விசா வேண்டுமே, அடக்கிக்கொண்டேன். அங்கே என்னை "மிஸ் வேலுப்பிள்ளை" என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது நான் எழும்பவே இல்லை. அப்பாவை யாரோ தேடுகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நான் தங்கியிருக்கிற வீடு புவனம் அன்ரியுடையது. அன்ரி திருகோணமலை நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்தவர். தகப்பனுக்கு அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் வேலை. நல்ல மனிசி, வாடகை நெருக்க மாட்டார். ஆனால் நான் எந்தக் கரை என்பதை ஒருநாளும் மறக்கவிட மாட்டார்.

"அக்கரைப் பிள்ளையள் கெட்டிக்காரியள்தான், இல்லையெண்டு சொல்லல்ல," என்பார். "ஆனா கணக்காளர் படிப்புப் படிச்சிருக்கலாமே? நாளைக்கு ஒரு கலியாணம் பேசினா நான் என்னெண்டு சொல்லுறது? ரேடியோவில கத்துறாள் எண்டோ?"

"ஓம் அன்ரி. கத்துறாள் எண்டே சொல்லுங்கோ."

"வாய்!" என்பார். "இந்த வாயோட போனா ஆர் உனக்கு வேலை தருவினம்?"

அன்ரியின் மகள் சாந்திக்குப் பத்து வயது. நாங்கள் தமிழில் கதைப்பது அவளுக்கு விளங்கும், ஆனால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்ரி அதைக் குறை சொல்வது போலத்தான் தொடங்குவார், பெருமையாக முடிப்பார்.

3

கொழும்புப் பேப்பர் விடிய ரயிலில் திருகோணமலைக்கு வரும். பின்னேர லோஞ்சில் அது மூதூருக்குப் போகும். அதை வாங்குகிறவர், எல்லோரும் அண்ணன் முறையில் கூப்பிடுகிற காசிம் காக்கா. மூதூரில் அரிசி, கருவாடு, வெங்காயம் வைத்து வியாபாரம் செய்தவர். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பேப்பர் வாங்குவார். வாங்கிக்கொண்டு வந்து லோஞ்சில் யாருக்கு வாசிக்கத் தெரியுமோ அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் மூட்டை மேல் ஏறி இருந்துகொள்வார். லோஞ்சில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள்.

நான் திருகோணமலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு காலை லோஞ்சில் போய்ப் பின்னேர லோஞ்சில் திரும்புவேன். அப்பா அதே லோஞ்சில் இருந்தபடியால் வீட்டில் சம்மதித்தார்கள். ஒருநாள் வழக்கமாக வாசிக்கிற பள்ளிக்கூட மாஸ்டர் வரவில்லை. காசிம் காக்கா என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டுப் பேப்பரை நீட்டினார்.

"படி புள்ள."

நான் வாசித்தேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"கத்து! எஞ்சினுக்குப் பயந்தவளோ நீ? உங்கட வாப்பா கட்டுற கயித்துக்கு இருக்கிற பெலன் உன்ர தொண்டைக்கு இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. மூட்டை ஒன்றின் மேல் ஏறி நின்று கத்தினேன். அன்றிலிருந்து மாஸ்டர் வந்தாலும் பேப்பர் என்னிடம்தான் வந்தது.

காசிம் காக்கா சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறவர் இல்லை. "மந்திரி சொன்னதை விடு, அவன் நாளைக்கும் சொல்லுவான். வெங்காயம் என்ன விலை?" என்பார். நான் ஒரு வரியைத் தாண்டினால், வாசிக்கத் தெரியாத மனிதர், எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். "எதையோ முழுங்கிட்டாய் ரேடியோக்காரி. துப்பு!" என்பார்.

நான் பெரியபிள்ளை ஆன பிறகு லோஞ்சில் ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "வேலுப்பிள்ளை, இத்தனை ஆம்பிளையளுக்கு நடுவில பொம்பிளைப் பிள்ளை நிண்டு கத்துறது வடிவில்லை."

அப்பா கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொன்னது காசிம் காக்கா. "வடிவு பாக்கிறவன் கடலைப் பாரு. பேப்பர் கேக்கிறவன் பேப்பரைக் கேளு. நீ படி புள்ள."

இனி அந்த வழக்கத்துக்கு வருகிறேன். லோஞ்சில் எல்லாம் வாசிக்கலாம். மரண அறிவித்தல் மட்டும் வாசிக்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும்வரை அந்தப் பக்கத்தை மடித்துக் கைக்குள் வைத்திருப்பேன். மூதூரில் எஞ்சினை நிறுத்தி, அப்பா கயிறு கட்டுவார். இறங்குகிற பலகையைப் போட மாட்டார். எவ்வளவு அவசரக்காரரும் எழும்ப மாட்டார்கள். அந்த அமைதியில் நான் அறிவித்தல்களை வாசிப்பேன். முடிந்ததும் அப்பா பலகையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிச் சொல்வார்: "சரி. இனி இறங்குங்கோ."

ஏன் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"தண்ணியில வைச்சுச் சொன்னா கேட்டவன் எங்க போறது மகள்?" என்றார். "சுத்திவரக் கடல். எழும்பி ஓட ஏலாது. விழுந்து அழ இடமில்லை. பக்கத்தில இருக்கிறவனும் என்ன செய்யிறது? கயிறு கட்டின பிறகு சொன்னா, இறங்கி வீட்ட ஓடுவான். கூட நாலு பேர் ஓடுவினம்."

4

எங்கள் கல்லூரியில், கட்டடத்துக்குள் மட்டும் கேட்கிற ஒரு சிறிய வானொலி உண்டு. மத்தியானச் செய்தி அறிக்கையை மாணவர்கள் முறை வைத்து வாசிக்க வேண்டும். என் முறை வந்தது. அன்று முதற்செய்தி, வடகடலில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து அதில் இருந்தவர்கள் இறந்துபோனது. தாள்கள் வரிசையாக என் முன்னால் இருந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. என் கை முதற் தாளை எடுத்து எல்லாவற்றுக்கும் கீழே வைத்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. கைதான் செய்தது.

பஸ் கட்டணம் வாசித்தேன். மாணவர் உதவிப் பணம் வாசித்தேன். காற்பந்து, காலநிலை. காலநிலை முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு பொறுத்தேன். வானொலியில் அமைதியைப் போல் பெரிய குற்றம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் விரிவுரையாளர் மிஸ்டர் ஹாலம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறந்தவர்களைப் பற்றி நிதானமாக வாசித்து முடித்தேன்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "முதற்செய்தியைக் கடைசியில் வாசித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். நடுவே ஏன் நின்றாய்?"

"கரை வரட்டும் என்று பொறுத்தேன்" என்றேன். அதுவும் யோசிக்காமல் வந்ததுதான்.

வகுப்பு சிரித்தது. ஜெனட் என்கிற என் வகுப்புக்காரி, "எந்தக் கரை?" என்று கேட்டாள். அதற்கு இன்னொரு சிரிப்பு.

நான் மூதூர் லோஞ்சைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. இங்கே செய்திக்கு வேறு ஒழுங்கு உண்டு, அதைப் படிக்கத்தான் வந்திருக்கிறேன், அடுத்த முறை பிழை வராது என்றும் சொன்னேன். மிஸ்டர் ஹாலம் அதைக் கேட்கவில்லை. அவர் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. நல்ல மீன் கண்ட முகம்.

"இது ஒரு நிகழ்ச்சி!" என்றார். "கால் மணி நேரம். இந்த வருடம் ஒரு மாகாண நிலையம் எங்களிடம் ஒரே ஒரு பயிலுநரைக் கேட்டிருக்கிறது. சிறந்த நிகழ்ச்சிக்கு நான் பரிந்துரை கொடுப்பேன். இதை விடாதே."

இரண்டு வருடமாகக் கோப்பைத் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டு இருந்த இடம் என் முன்னால் வந்து நின்றது. அன்றைக்குக் கழுவிய கோப்பைகளில் எத்தனை உடைந்தன என்று கேட்காதீர்கள்.

5

லோஞ்சின் சத்தம் வேண்டும் என்று ஊருக்கு எழுதினேன். குவைத்திலிருந்து வந்த யாரோ ஒருவரின் கசெற் பெட்டியை அப்பா இரவல் வாங்கி, லோஞ்சில் ஒரு முழுப் பயணத்தையும் பதிவு செய்து, லண்டனுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அது கையில் கிடைத்த அன்று அன்ரியின் குசினியில் வைத்துப் போட்டேன்.

முதலில் அப்பாவின் குரல். "இது ஓடுதோ? ஓடுதெண்டு என்னெண்டு தெரியும்? சும்மா சுத்துது." பிறகு எஞ்சின், கோழி, யாரோ ஒருவரின் இருமல். ஒரு பெண் பிள்ளை பேப்பர் வாசிக்கிறாள். யாரென்று தெரியவில்லை. என்னைவிட நன்றாக வாசிக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

சாந்தி கதிரையின் விளிம்பில் இருந்து கேட்டுக்கொண்டு இருந்தாள். "ஏன் ஒருவர் வாசிக்கிறார்? மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் அன்ரி முந்திக்கொண்டார். "அது எங்கட ஆக்கள் இல்லை பிள்ளை. அக்கரை ஆக்கள்."

என் அப்பாவின் குரல் அந்தப் பெட்டியில் ஓடிக்கொண்டு இருக்கும்போது, என் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கறியைக் கிண்டினார். சாந்தி நாளைக்கு ஊருக்கு வந்தால், கடலைப் பார்த்து, அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் இல்லை என்பாள். தமிழ் மறந்துபோகிறது என்று அழுகிற தாய்மார், இதை மட்டும் மறக்காமல் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கசெற்றில் எஞ்சின் நின்றது. கயிறு மரத்தில் உரசுகிற சத்தம். அந்தப் பெண் பேப்பரில் வந்த அறிவித்தல்களை வாசித்தாள். அதன் பிறகு பெட்டியை யாரோ தூக்கும் சத்தம். அப்பாவின் குரல் மிகக் கிட்டத்தில் கேட்டது.

"மகள், இது உனக்கு. நீ எங்க வைச்சுக் கேக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாது. பஸ்ஸில கிஸ்ஸில எண்டா நிப்பாட்டு. வீட்ட போய்க் கேள். இருந்து கேள்."

நான் குசினி நிலத்தில் சப்பணமிட்டு இருந்தேன். அன்ரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். அப்பா ஒரு மரண அறிவித்தல் சொன்னார். பேப்பரில் வந்தது இல்லை. அவரே சொன்னது. அது யாருடையது என்பது ஆறாம் பகுதியில்.

நான் நிகழ்ச்சியை எழுதினேன். விரிவுரைக்கும் கோப்பைத் தொட்டிக்கும் நடுவே, பேக்கரிக்குப் போகிற பஸ்ஸில், நூல்நிலையம் பூட்டும்வரை எழுதினேன். இது மூடநம்பிக்கை இல்லை, கேட்கிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துச் செய்தி சொல்கிற ஒழுங்கு என்பதுதான் என் வாதம். எழுதியதை நானே ஆங்கிலத்தில் வாசித்துப் பதிவு செய்து கொடுத்தேன். அப்பாவின் பேச்சு அப்படியே தமிழில் ஓட, முடிந்த பிறகு என் குரலில் மொழிபெயர்ப்பு.

போன மாதம், நான் வந்து இரண்டு வருடம் நிறைந்த அந்தக் கிழமையில், மிஸ்டர் ஹாலம் ஒலிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டார். ஜெனட் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தாள். "கொஞ்சம் சீர் செய்திருக்கிறோம். கேள்" என்றார்.

முதலில் சித்தார். மூதூர் லோஞ்சில் சித்தார்! பிறகு ஒரு நடிகையின் குரல் என் வசனங்களை வாசித்தது. கிழக்கத்திய வாடை வரட்டும் என்று எழுத்துகளை உருட்டி உருட்டி வாசித்தாள். நான் எங்கே என்று கேட்டேன். "நீதானே கதை!" என்றார் மிஸ்டர் ஹாலம். "கதையும் அதைச் சொல்கிறவரும் ஒருவராக இருக்க முடியாது. உன் உச்சரிப்பைப் பிடிக்க நேயர்கள் சிரமப்படுவார்கள். தயாரிப்பு ஜெனட். உன் பெயர் முடிவில் நன்றியோடு வரும்."

அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஆனால் இருந்தேன். அந்த ஒரு இடம் என்னை இருக்க வைத்தது.

நாடா முடிவுக்கு வந்தது. அப்பா பேசுகிறார். ஆனால் அவர் குரலுக்குக் கீழே எஞ்சின் ஓடுகிறது. அலை அடிக்கிறது. கயிறு இல்லை. "இருந்து கேள்" இல்லை. எஞ்சின் நிற்கவே இல்லை. நடுக்கடலில் வைத்து என் அப்பா மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போகிறார்.

"இதென்ன?" என்றேன்.

ஜெனட் சந்தோஷமாகச் சொன்னாள். "அமைதியாக இருந்தது, வானொலிக்கு எடுபடவில்லை. உன் நாடாவின் தொடக்கத்திலிருந்து எஞ்சின் சத்தத்தை எடுத்து அடியில் கலந்தேன். எவ்வளவு உருக்கமாக இருக்கிறது, பார்!"

"தண்ணீரில் சொல்வதில்லை என்பதுதான் நிகழ்ச்சியே. அதைத் தண்ணீரில் வைத்துச் சொல்கிறீர்கள்."

"நேயர்களுக்கு அது தெரியாது" என்றார் மிஸ்டர் ஹாலம்.

"லோஞ்சில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்."

"லோஞ்சில் இருக்கிறவர்கள் எங்கள் நேயர்கள் இல்லையே."

அன்ரி குசினியில் சொன்னதும் இதுதான். எங்கட ஆக்கள் இல்லை. ஆறாயிரம் மைல் தள்ளி வந்து, வேறு தோலில், வேறு மொழியில், அதே வசனத்தைக் கேட்கிறேன்.

நான் இயந்திரத்தின் பக்கம் போனேன். ஜெனட் தன்னையறியாமல் விலகி இடம் விட்டாள். சவர அலகை எடுத்து, அப்பாவின் பேச்சு தொடங்குகிற இடத்தில் வெட்டினேன். முடிகிற இடத்தில் வெட்டினேன். இந்த வேலையை எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெட்டிய நாடாவைச் சுற்றி மேற்சட்டைப் பைக்குள் வைத்தேன். அலுமாரியில் இருந்த என் கசெற்றையும் எடுத்துக்கொண்டேன்.

"சித்தாரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்" என்றேன்.

மிஸ்டர் ஹாலம் கத்தவில்லை. மிகவும் வருத்தத்தோடு, சுகமில்லாத ஆளிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "முடிவில்லாத நிகழ்ச்சிக்கு நான் பரிந்துரை கொடுக்க முடியாது. உனக்குத் தெரியும்தானே? அதோடு, இப்படி உணர்ச்சிவசப்படுகிறவர்கள் செய்தி அறையில் நிலைக்க மாட்டார்கள்."

"இது உணர்ச்சி இல்லை சேர். ஆசிரிய முடிவு."

நான் சொன்னது முழு உண்மை இல்லை. உணர்ச்சியும்தான். ஆனால் செய்தி அறையில் எந்த வார்த்தைக்கு மரியாதை என்பது எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைத்தான் அவரிடம் வைத்தேன்.

பரிந்துரை ஜெனட்டுக்குப் போய்விட்டது. அதே நிலையத்துக்கு நான் யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நேரே விண்ணப்பித்திருக்கிறேன். என் குரலில், என் உச்சரிப்பில், கயிறு கட்டுகிற இடத்தில் அமைதியை அமைதியாகவே விட்டு, நிகழ்ச்சியைத் திருப்பிச் செய்து அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். அந்த நிலையம் இல்லையென்றால் இன்னொன்று. ஒன்றும் இல்லையென்றாலும் ஊருக்கு வருவேன். முதற்செய்தியை முதலில் வாசிக்க இங்கே பழகிவிட்டேன், போன வியாழக்கிழமை என் முறையில் பிழையில்லாமல் வாசித்தேன். ஆனால் எங்கள் கரையில் நான் செய்தி சொல்லும்போது வரிசையை நான் போடுவேன்.

அன்ரியிடம் நடந்ததைச் சொன்னேன். "அந்த இடம் போயிட்டுதே, விசர்ப் பெட்டை!" என்று திட்டினார். பிறகு சாந்தியைக் கூப்பிட்டு, "அக்கா கசெற் போடப் போறா. வந்து நிலத்தில இரு" என்றார். இதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நடந்ததை எழுத வேண்டும்.

லோஞ்சில் வாசிப்பவர் இங்கே நிறுத்தவும். தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொள்ளவும். நடுவில் வெங்காய விலை வாசிக்கலாம்.

6

கயிறு கட்டியாயிற்றா? பலகை போட வேண்டாம். எல்லோரும் இருங்கள்.

அப்பா சொன்னதை அப்படியே தருகிறேன். எழுத்துத் தெரியாத மனிதர். கையில் ஒரு தாளும் இல்லை. வருடக்கணக்காக என் வாயாலும் மற்றவர்கள் வாயாலும் கேட்டுக் கேட்டு மனத்தில் படிந்த வசனங்களை எடுத்து, ஒரே ஒரு ஆளுக்காக ஓர் அறிவித்தல் செய்திருந்தார்.

"மரண அறிவித்தல். மூதூரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட அரிசி வியாபாரி காசிம் அவர்கள் வபாத்தாகிட்டார். அன்னார் சுபைதாவிட அன்புக் கணவரும், இந்த லோஞ்சுக்குப் பேப்பர் வாங்கித் தந்தவரும், லண்டனில படிக்கிற, கட்டைபறிச்சான் வேலுப்பிள்ளையிட மகள் யோகராணியை முதல் முதல் கத்தச் சொன்னவரும் ஆவார். ஜனாஸா நல்லடக்கம் முடிஞ்சுது. நாங்கள் எல்லாரும் போனனாங்கள். நீ வர ஏலாதெண்டு அவருக்குத் தெரியும். உற்றார் உறவினர் நண்பர்கள் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்."

இதற்குக் கீழேதான் எஞ்சின் ஓட்டினார்கள்.

சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அதை நான் வெட்டவில்லை, யாரையும் வெட்ட விடவும் மாட்டேன். இறங்குதுறையில் தண்ணீர் மெல்லத் தட்டுகிறது. எங்கோ தூரத்தில் ஒரு சைக்கிள் மணி. ஒருவரும் எழும்பவில்லை. லண்டனில் நிலத்தில் இருக்கிற ஒருத்திக்காக, லோஞ்ச் நிறைந்த சனம் வீட்டுக்குப் போகாமல் இருந்தது.

பிறகு பலகை விழுகிற சத்தம். பழக்கத்தில், யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்து, அப்பா சொன்னார்:

"சரி. இனி இறங்குங்கோ."